கழிவுநீரும் கல்வாழையும்

குற்றாலம் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது ஓர் இனிய காட்சி. திரிகூட மலையின் மேல் முகில் கவிந்திருக்கிறது. மெல்லிய சாரல் பூவாகத் தூவுகிறது. பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கிப் பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கே பொங்கித் ததும்பி, பிறகு கீழே நிற்பவர்களின் தலைமேலும் தோள்மேலும் கொட்டுகிறது. நீராடியவர்கள் நடுங்கிக்கொண்டே வெளியே வருகிறார்கள். சூடாக ஏதேனும் சாப்பிடுகிறார்கள். ஈரத் துணி உலர்வதற்குள் மறுபடியும் அருவிக்கே போய்விடுகிறார்கள். இந்த இன்பத்தைக் கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள்; இரசிகர்கள் பேசியிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் கேட்க விரும்புவது ஒரு சிறிய கேள்வி. நம்மைக் குளிப்பாட்டிவிட்டுச் சென்ற அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? நாம் தங்கியிருந்த விடுதியில் துணி துவைத்த நீர், அடுக்களையில் பாத்திரம் கழுவிய நீர், கழிப்பறையிலிருந்து வெளியேறிய நீர், இவையெல்லாம் எங்கே போகின்றன?

விடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலையிலிருந்து இறங்கிய சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே செல்கிறது. வழியில் அணைக்கட்டுகள் அதனை மறித்து வாய்க்கால்களில் திருப்புகின்றன. வாய்க்கால்கள் குளங்களை நிரப்புகின்றன. குளங்கள் வயல்களுக்குப் பாய்கின்றன. எஞ்சிய நீர் சீவலப்பேரிக்கு அருகே தாமிரவருணியோடு கலக்கிறது. வழிநெடுகிலும் மக்கள் அதில் குளிக்கிறார்கள், மாடு குளிப்பாட்டுகிறார்கள், கரையோரக் கிணறுகளில் ஊறும் அதே நீரைக் குடிக்கவும் செய்கிறார்கள். ஆகவே, நமக்குக் கழிவாகிப் போன நீர், நமக்குக் கீழே இருப்பவருக்குத் தண்ணீராக இருக்கிறது. இன்று நான் பேசப் போவது இந்த ஓர் உண்மையைப் பற்றித்தான்.

முதலில், கழிவுநீர் என்பது என்ன என்று பார்ப்போம். பெயரைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஆனால் வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரை ஆய்வுக்கூடத்தில் எடைபோட்டுப் பார்த்தால், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீரே. ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒரு கிராம் அளவுதான் பிற பொருள். இந்த ஒரு கிராமில்தான் எல்லாத் தொல்லையும் அடங்கியிருக்கிறது.

அந்தத் தொல்லை இருவகைப்படும். ஒன்று, உணவு. சோற்றுக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, மலம், சோப்பு முதலிய பொருள்களை நாம் அழுக்கு என்கிறோம். நீரில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோ அதனை விருந்து என்கின்றன. அவை அந்த விருந்தை உண்ணும்போது, நம்மைப் போலவே மூச்சுவிட வேண்டும். அதற்கு வேண்டிய பிராணவாயுவை, அதாவது ஆக்ஸிஜனை, நீரில் கரைந்துள்ள சிறு சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. 25 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தூய நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்ஸிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் உள்ள உணவை உண்டு தீர்க்க நுண்ணுயிர்களுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு குடம் கழிவுநீர், ஏறத்தாழ முப்பது குடம் ஆற்றுநீரின் மூச்சைக் குடித்துவிடும். மூச்சிழந்த ஆற்றில் மீன் வாழாது, நாற்றம் எழும், நீர் கறுக்கும்.

இயற்கை இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறது. அருவியாக விழுந்து சிதறும் நீர் துளித்துளியாகக் காற்றோடு கலந்து ஆக்ஸிஜனை வாரிக்கொள்கிறது. பாறைகளில் மோதி ஓடும் ஆறும் அவ்வாறே செய்கிறது. குற்றாலத்து அருவிகள் நமக்கு மட்டும் புத்துணர்ச்சி தரவில்லை. ஆற்றுக்கும் மூச்சுத் தருகின்றன. ஆனால் ஆறு செரிக்கும் அளவுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அந்த எல்லையைத் தாண்டிக் கொட்டும்போதுதான் ஆறு சாக்கடையாகிறது.

இரண்டாவது தொல்லை, கிருமி. 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் நோயால் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை ஒரு குறிப்பிட்ட தெருக் குழாயைச் சுற்றியே நெருங்கியிருந்தன. நோய் காற்றில் வரவில்லை, தண்ணீரில் வருகிறது என்று அவர் வாதாடினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-ஆம் ஆண்டில், ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் நமது கல்கத்தாவிலே வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மக்கள் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலும் அதைக் கண்டார். ஒருவர் வயிற்றிலிருந்து வெளியேறிய கிருமி, தண்ணீரின் வழியே இன்னொருவர் வாய்க்குப் போகிறது என்பதற்கு அன்று வலுவான சான்று கிடைத்தது.

உணவு, கிருமி என்ற இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் கழிவுநீர் மறுபடியும் நீராகிவிடும். ஆனால் எதை முதலில் நீக்குவது, எதைப் பிறகு நீக்குவது? இந்த வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் தவறியவன்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் இளம் இரசாயன ஆசிரியன். மாணவர் விடுதி ஒன்றின் மேற்பார்வை என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நாற்பது மாணவர்கள் தங்கியிருந்தார்கள். விடுதியின் செப்டிக் தொட்டி நிரம்பி, கறுத்த நீர் பின்புறத்து வாய்க்காலில் வழிந்துகொண்டிருந்தது. நாற்றம் பொறுக்கவில்லை. நான் படித்த இரசாயனம் உடனே கைகொடுத்தது. ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை வாங்கி வரச் செய்து, வாரம் தவறாமல் தொட்டியில் கொட்டினேன். நாற்றம் அடங்கியது, மருத்துவமனை வாசனை வீசியது. கிருமிகள் ஒழிந்தன என்று மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினேன்.

அடுத்த மாதம் அந்த வாய்க்காலின் கடைப்பகுதியில் இருந்த தெருவில் மஞ்சட்காமாலை வந்தது. பல வீடுகளில் குழந்தைகள் படுத்தார்கள். அந்தத் தெரு மக்கள் வாய்க்காலை ஒட்டியிருந்த கிணற்றில்தான் தண்ணீர் எடுத்துவந்தார்கள். செய்தி கேட்டதும் எனக்குள் ஏதோ உறுத்தியது. தொட்டியிலிருந்து வழியும் நீரை ஒரு சோதனைக் குழாயில் பிடித்து, ஆர்த்தோடாலிடின் என்ற கரைசலில் சில சொட்டு விட்டுப் பார்த்தேன். நீரில் குளோரின் எஞ்சியிருந்தால் மஞ்சள் நிறம் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டிய குளோரின் ஒரு துளிகூட மிஞ்சவில்லை!

அது எங்கே போயிற்று? குளோரின் கிருமியைத் தேடிப்பிடித்துக் கொல்லும் வேட்டைநாய் அன்று. எதிரே வரும் பொருளோடெல்லாம் அது கூடும். கழிவுநீரில் உள்ள அம்மோனியாவும் அழுக்கும் அதனை முதலில் தின்றுவிடுகின்றன. எஞ்சிய கிருமிகளோ, அழுக்குத் துகள்களின் உள்ளே கோட்டைக்குள் ஒளிந்த பகைவர்களைப் போலப் பத்திரமாக இருக்கின்றன. நான் கிருமியைக் கொல்லவில்லை. நாற்றத்தை மட்டும் மறைத்தேன். நாற்றமாவது மக்களை எச்சரித்திருக்கும். அந்த எச்சரிக்கையையும் நான் எடுத்துவிட்டேன்.

அந்த நோய் எங்கள் விடுதி நீரால்தான் வந்தது என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. அதனால் வரவில்லை என்று சொல்லவும் சான்று இல்லை. அன்றிலிருந்துதான் இந்தத் துறையை நான் முறையாகக் கற்கத் தொடங்கினேன்.

கற்ற பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழிவுநீரைத் தூய்மையாக்கும் பணியில் நான்கு படிகள் உண்டு. முதலில் படிய விட வேண்டும். அடுத்து, நுண்ணுயிர்களை உண்ண விட வேண்டும். பிறகு வடிகட்ட வேண்டும். கிருமிநீக்கம் என்பது கடைசிப் படி. கடைசியில் வர வேண்டியதை முதலில் செய்தால் பணமும் வீண்; பயனும் இல்லை.

முதற்படி எளியது. அடுக்களை நீரை ஒரு சிறு தொட்டியில் தேக்கி, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். கழிப்பறை நீரைச் செப்டிக் தொட்டியில் ஓரிரு நாள் நிறுத்த வேண்டும். கனமானவை அடியில் படியும், மேல்நீர் வெளியேறும். படிந்த மண்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியேற்ற வேண்டும். நிரம்பிய பிறகும் தூர்வாராமல் விட்ட தொட்டி, தொட்டியே அன்று. அது வெறும் குழாய்தான். எடுத்த மண்டியை இருட்டில் ஓடையில் கொட்டுவதும் கொடுமை. இதற்கென்றே தமிழக அரசு 2014-ஆம் ஆண்டில் விதிமுறைகள் வகுத்தது. 2017-ஆம் ஆண்டில் கருங்குழி என்ற சிறு பேரூரில் மலக்கசடைத் தூய்மையாக்கும் நிலையம் ஒன்றும் அமைந்தது.

இரண்டாம் படியே இதயம் போன்றது. இதில் மனிதன் செய்வதெல்லாம், ஆறு மெதுவாகச் செய்யும் வேலையைச் சிறிய இடத்தில் விரைவாக நடத்துவதுதான். 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீரில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்து, அதில் வளர்ந்த நுண்ணுயிர்ச் சேற்றை மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். பல வாரங்களில் முடியும் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. அவர்களுக்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் பௌலர் பின்னாளில் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து பணிபுரிந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. உலகின் பெருநகரங்களில் இன்றும் இந்த முறை பெரிதும் வழங்குகிறது.

ஆயினும் இதற்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். தேர்ந்த பணியாளர் வேண்டும். மின்சாரம் ஒரு நாள் நின்றால் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறும். பெருநகரம் இந்தச் செலவைத் தாங்கும். மலையடிவாரத்தில் உள்ள ஒரு சத்திரமோ, ஒரு பள்ளிக்கூடமோ தாங்குமா? இயந்திரத்தை நிறுவியவர் ஊர் திரும்பிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் முறையே நிலைத்து நிற்கும் முறை.

அப்படி ஒரு முறை நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. என் பாட்டி அரிசி களைந்த நீரையும் குளியலறை நீரையும் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு கால்வாய் வழியே வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சுவார். அந்த இடத்தில் சேறு இராது, நாற்றம் இராது. வாழைத்தாரோ ஆளுயரம் தொங்கும். இன்றைய பொறியியலார் தாவரப் படுகை என்று அழைப்பது இந்தக் கொல்லைப்புறத்தின் திருத்திய வடிவமே.

அதன் அமைப்பைக் கேளுங்கள். நீர் கசியாதபடி தளமிட்ட ஒரு பள்ளம். ஆழம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதில் கருங்கல் சல்லியை நிரப்பி, நாணல், சம்பங்கோரை, கல்வாழை போன்றவற்றை நடுகிறோம். செப்டிக் தொட்டியிலிருந்து வரும் நீர் ஒரு பக்கம் நுழைந்து, சல்லிக்கிடையே ஊர்ந்து, சில நாள் கழித்து மறுபக்கம் வெளியேறும். நீர்மட்டம் எப்போதும் சல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே இருப்பதால் கொசு முட்டையிட இடமில்லை, நாற்றமும் எழாது. கற்களின் மேலும் வேர்களின் மேலும் வழவழப்பான ஒரு படலமாக நுண்ணுயிர்கள் குடியேறி, அழுக்கை உண்கின்றன. செடிகள் நைட்ரஜனிலும் பாஸ்பரசிலும் ஒரு பங்கை உரமாக எடுத்துக்கொள்கின்றன. செடியே எல்லா வேலையும் செய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள், அது வீட்டுக்காரன். உழைப்பதெல்லாம் அதன் வேரடியில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்.

நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் ஆள் ஒருவருக்கு ஏறத்தாழ 1 முதல் 2 சதுர மீட்டர் படுகை போதும். நூறு பேர் தங்கும் விடுதிக்கு 200 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட் நிலம். வண்டிகள் நிற்க ஒதுக்கும் இடத்தைவிட இது அதிகமன்று. புதுச்சேரிக்கு அருகில் உள்ள ஆரோவில்லில் இத்தகைய படுகைகள் செயற்பட்டு வருகின்றன. இன்னும் பெரிய சான்று வேண்டுமானால் கல்கத்தாவின் கிழக்கே பாருங்கள். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பு நிலத்தில், மாநகரின் கழிவுநீரை ஆழமற்ற குளங்களில் தேக்கி, வெயிலும் பாசியும் அதனைத் தெளிவிக்கச் செய்து, மீன் வளர்க்கிறார்கள். மீனவர்கள் தம் அனுபவத்தால் கண்ட அந்த முறையைப் போற்றி, 2002-ஆம் ஆண்டில் அப்பகுதி ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புள்ள நீர்நிலமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு செய்த பிறகு நீர் தெளிந்து, மணமற்று, குடிக்கலாம் போலத் தோன்றும். இங்கேதான் நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். மறுபடியும் ஒரு கணக்கு. பச்சைக் கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிபார்ம் என்னும் அடையாளக் கிருமிகள் ஒரு கோடி வரை இருக்கும். நல்ல படுகை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை நீக்கும் என்று வைத்துக்கொள்வோம். தேர்வில் 99 மதிப்பெண் வாங்கினால் நாம் கொண்டாடுவோம். ஆனால் ஒரு கோடியில் நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு? ஒரு இலட்சம்! 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதி, வெளியேற்றும் நீரில் 1,000-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. மக்கள் நீராடும் ஆற்றிலோ 500-க்கு மேற்படாதிருப்பதே விரும்பத்தக்கது. ஆகவே கிருமிகளின் கணக்கில் 99 என்பது தோல்வி மதிப்பெண். கண்ணுக்குத் தெளிந்த நீர் வேறு. நோயற்ற நீர் வேறு.

ஆதலால் மூன்றாம் படியாக மணல் வடிகட்டி வேண்டும். மெல்ல ஊறிச் செல்லும் மணற்படுகையின் மேற்பரப்பில் ஓர் உயிர்ப்படலம் வளர்ந்து கிருமிகளைப் பிடித்துவைக்கிறது. இலண்டன் நகரில் 1829-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் சிம்ப்சன் என்பவர் தேம்ஸ் ஆற்று நீரை இவ்வாறு வடிகட்டினார். நமது இலட்சம் கிருமிகள் இங்கே சில ஆயிரங்களாகச் சுருங்குகின்றன.

இப்போதுதான் கிருமிநீக்கத்தின் முறை வருகிறது. அதற்கு மூன்று கருவிகள் நம்மிடம் உள்ளன.

முதலாவது, நான் தவறாகப் பயன்படுத்திய குளோரின். தெளிந்த நீரில் அது அற்புதமாக வேலை செய்கிறது; சிறிதளவே போதும்; அரைமணி நேரம் கலந்து நிற்கவிட வேண்டும். ஆனால் மிஞ்சிய குளோரின் ஆற்று மீனுக்கு நஞ்சு. அன்றியும், நீரில் கரைந்துள்ள மக்கற்பொருளோடு அது கூடினால் குளோரோபாரம் போன்ற வேண்டாத பொருள்கள் உண்டாகின்றன என்பதை 1974-ஆம் ஆண்டில் ரூக் என்ற டச்சு அறிஞர் காட்டினார். ஆகவே ஆற்றில் விடுமுன் எஞ்சிய குளோரினையும் நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, புறஊதாக் கதிர். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை வீசும் விளக்கொன்றைக் குழாயினுள் பொருத்தி, அதனைச் சுற்றி நீரைச் செலுத்துகிறோம். ஒளி பட்ட கிருமியின் மரபுப்பொருள் சிதைகிறது. அது பெருக முடியாமற் போகிறது. நீரில் எந்த மருந்தும் தங்குவதில்லை. 1910-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் மார்செய் நகரில் குடிநீருக்கு இதனைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது. விளக்கின் கண்ணாடியையும் அடிக்கடி துடைக்க வேண்டும்.

மூன்றாவது, காசில்லாமல் கிடைப்பது: கதிரவன். ஆழமற்ற குளத்தில் நீரைப் பல நாள் தேக்கினால் பாசி வளரும். பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. வெயில், ஆக்ஸிஜன், காரம் என்ற மூன்றும் சேர்ந்து கிருமிகளை வாட்டிவிடுகின்றன. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு இதைவிட ஏற்ற முறை இல்லை.

ஆனால் குற்றாலத்துக்கு? இங்கேதான் நம் ஊரின் தனி இயல்பு குறுக்கிடுகிறது. குற்றாலத்தில் கூட்டம் சேர்வது எப்போது? ஆனியிலும் ஆடியிலும் ஆவணியிலும், சாரல் விழும் காலத்தில். அப்போது வானம் மூடியிருக்கும். மறுபடியும் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருகிறார்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தும். அப்போது அருவியில் நீரும் இராது, ஊரில் ஆளும் இராது. கழிவு பெருகும் நாளில் கதிரவன் ஒளிந்துகொள்கிறான். கதிரவன் வரும் நாளில் கழிவு இல்லை. வெயிலை மட்டும் நம்பிக் குற்றாலத்தில் குளம் வெட்டினால், அது வேண்டும்போது கைவிட்டுவிடும்.

எனவே இவ்வூருக்கு வேண்டிய திட்டம் வேறு. படுகையைச் சாதாரண நாளின் அளவுக்குக் கட்டாமல், கூட்டம் மிகுந்த நாளின் அளவுக்குக் கட்ட வேண்டும். அதனை இரண்டு மூன்று பாத்திகளாகப் பிரித்து, கூட்டமில்லாத மாதங்களில் இருக்கும் நீரை முறைவைத்துப் பாய்ச்சி, செடிகளும் நுண்ணுயிர்களும் மடியாமல் காக்க வேண்டும். திருவிழாவுக்கு முன்பே சமையற்காரரை அமர்த்துவதுபோல, சாரல் தொடங்குமுன் அவற்றைத் தயார்ப்படுத்த வேண்டும். மணல் வடிகட்டிக்குப் பின், மூடிய வானத்திலும் எரியக்கூடிய ஒரு சிறு புறஊதா விளக்கு வேண்டும். ஓர் ஊருக்குப் பொருந்திய முறை அடுத்த ஊருக்குப் பொருந்தும் என்று எண்ணுவது தவறு. பொறியியல் நூலைப் படிக்குமுன் ஊரின் பஞ்சாங்கத்தையும் படிக்க வேண்டும்!

இவை எல்லாவற்றினும் எளிய வழி ஒன்றும் உண்டு. படுகையில் தெளிந்த நீரை ஆற்றில் விடாமலே இருந்துவிடலாம். தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை. மண்ணுக்கடியில் துளைக்குழாய் பதித்துத் தென்னையின் வேருக்கு அந்த நீரைக் கொடுத்தால், தேங்காய்க்கும் கிருமிக்கும் சந்திப்பே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது: ஒரே தடையை நம்பாமல், தூய்மையாக்கல், பயிர்த்தேர்வு, பாய்ச்சும் முறை எனப் பல தடைகளை அடுக்கடுக்காக வையுங்கள். பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் இந்நீரைத் தெளிக்கலாகாது. கிணற்றுக்கு அருகிலும் விடலாகாது.

எங்கள் விடுதியில் நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். செப்டிக் தொட்டியைத் தூர்வாரினோம். ஒன்றரை சென்ட் நிலத்தில் மாணவர்களே பள்ளம் தோண்டி, சல்லி சுமந்து, கல்வாழை நட்டார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூ பூத்தது. வெளிவந்த நீரைக் குழாய் வழியே பின்புறத்துத் தென்னைகளுக்கு விட்டோம். வாய்க்காலுக்குச் சென்ற வாயை அடைத்தோம். அன்று மாலை அந்தத் தெருவுக்குப் போய், இனி எங்கள் நீர் உங்கள் பக்கம் வராது என்று சொன்னேன். அங்கிருந்த ஒரு தாய், “முன்னமே செஞ்சிருக்கலாமே, ஸார்வாள்” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை; இன்றும் இல்லை.

மாணவ நண்பர்களே, உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். அருவியில் சோப்பும் எண்ணெயும் தேய்த்துக் குளிப்பதற்குத் தடை உண்டு. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதனை வற்புறுத்தியிருக்கிறது. காவலர் பார்க்கிறாரா என்று பாராமல் அதனைக் கடைப்பிடியுங்கள். நுரை நீரின் மூச்சை அடைக்கும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியுமல்லவா?

இன்னொன்றும் செய்யலாம். அடுத்த விடுமுறை நாளில், உங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து வெளியேறும் நீரின் பின்னாலேயே நடந்து செல்லுங்கள். அது எந்தச் சாக்கடையில் விழுகிறது, அந்தச் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்கிறது, அந்த வாய்க்கால் யாருடைய கிணற்றருகே போகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஜான் ஸ்னோ செய்ததும் அதுதான்.

நடந்து முடித்த இடத்தில் யாரேனும் ஒருவர் குடத்தோடு நிற்பார். அவருக்கு நாம் என்ன அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை அப்போது அறிவீர்கள்.